மேஸ்திரியின் போர்வை

ஜனவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் நாய் சொறிகிறது. ஏதோ போகிற போக்கில் சொறிவதாக நினைக்காதே. பின்னங்காலைத் தூக்கி ஆரம்பித்தால் தரை அதிர்கிறது. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "என்னம்மா, தையல் மிஷின் ஏதும் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். வயிற்றில் முடி கொட்டிச் சிவந்து கிடக்கிறது. காதை உதறி உதறி ஓரமெல்லாம் புண். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நீ. மடி மட்டும் என்னுடையது.

அதற்கு மேஸ்திரி என்று பெயர் வேறு வைத்துவிட்டுப் போனாய். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதில் பொருத்தமான பெயர்தான். நான் நாள் முழுக்கப் பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் பரிசோதனை செய்துவிட்டு வந்தால், உட்கார விடாமல் என் காலில் முதுகைத் தேய்க்கிறது.

போன் எடுக்காத மலைக்குள் சுரங்கப்பாதைக்குச் சிமென்ட் பூசப் போய்விட்டாய். சாமான் லாரி வாரம் ஒருமுறை கொண்டுபோனால்தான் கடிதம். அதனால் சட்டென்று பதில் எழுது. இங்கே கொண்டுவருவதற்கு முன் அதற்கு என்ன போட்டாய்? எதையாவது மறைத்தாயா?

நீ கொடுத்துவிட்டுப் போன பழுப்புப் போர்வையில்தான் படுக்கிறது. துவைக்காதே, என் வாசனை இருந்தால்தான் ஏங்காது என்றாய். துவைக்கவில்லை.

கிளம்பும்போது நான் சொன்ன சொல் ஞாபகம் இருக்கட்டும். போட்டோ ஸ்டூடியோவில் ஆறு மாதம், அச்சகத்தில் எட்டு மாதம், டிரைவிங் ஸ்கூலில் ஒரே வாரம். இந்த ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. அதற்குமுன் பாதியில் விட்டுவிட்டு வந்தால் என் வாசப்படியை மிதிக்காதே.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு என் வணக்கம். மேஸ்திரிக்கு என் முத்தம். உனக்கு என்ன அனுப்புவதென்று தெரியவில்லை, கடிதத்தைப் படித்தபிறகு பயமாக இருக்கிறது.

என்னிடம் இருந்த மூன்று மாதமும் அது ஒருமுறைகூடச் சொறிந்ததில்லை. உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் சொறிந்தால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? அத்தான் பன்னும் பிஸ்கட்டும் போடுவார், எனக்குத் தெரியும். தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வாலடியில் பார்த்தாயா? அதையெல்லாம் பார்க்காமல் என்னிடம் வந்து பாய்கிறாய்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. போர்வையை மட்டும் எடுத்துவிடாதே, அதுவும் போனால் குட்டி தவித்துப்போகும்.

இங்கே சுரங்கத்தின் உள்சுவரில் குழாய் வைத்துச் சிமென்ட் கலவையைப் பீய்ச்சுகிறோம். நாலாபக்கமும் தெறிக்கும். முழங்கைவரை கையுறை உண்டு. மற்றபடி ஒன்றுமில்லை.

வாசப்படி விஷயம் ஞாபகம் இருக்கிறது. நீ இரண்டாம் முறை எழுதியிருக்க வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

நலம் என்று எழுதியிருந்தாய், சரி. நாங்களும் அப்படித்தான். உன் அத்தானுக்குத்தான் இரண்டு நாளாக வாயடைப்பு. பன் விஷயத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண், என்னைவிட முன்கோபி. தெள்ளுப்பூச்சியும் இல்லை, உண்ணியும் இல்லை. தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள், சொறிப்பூச்சியும் இல்லை. "ஒவ்வாமையா இருக்கலாம். எதுக்குன்னு ஒவ்வொண்ணா கழிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். முதல்ல சாப்பாடு" என்றாள்.

எட்டு வாரம் ஒரே சாப்பாடு. இதுவரை அது தின்னாத மீன் ஒன்று, உருளைக்கிழங்கு, இரண்டையும் உப்பில்லாமல் வேகவைத்துத் தர வேண்டும். வேறு ஒரு பருக்கைகூட வாய்க்குள் போகக்கூடாது. போனால் அன்றிலிருந்து மறுபடியும் முதல் நாள். அரிப்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள். மனிதர் தடவும் களிம்பு எதையும் தடவாதே, நக்கிவிடும் என்றாள். நாய் எங்கே படுக்கிறது, படுக்கையைத் துவைக்கிறீர்களா, வீடு எப்படிக் கூட்டுகிறீர்கள் என்று வேறு கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

சமையலறைக் கதவில் நோட்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அது வாயில் போவதெல்லாம் அதில் ஏறும். நேற்று என் செருப்பின் வார் ஏறியது.

புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருக்கிறது. அதோடு நடந்து எல்லாக் கதவிலும் இடிக்கிறது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எனக்கு இரண்டுமே இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

பதிலை உடனே போடு.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நாய்க்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், கவனமாகக் கேள். வெந்நீரில் குளிப்பாட்டாதே. வெந்நீர் படும்போது சுகமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் போனதும் நெருப்பாக எரியும். முதலில் விரலிடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக வரும், பிறகு மணிக்கட்டு. தோல் தடித்து வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்போ புளிப்போ பட்டால் உயிர் போய்விடும். வியர்த்தால் அதிகமாகும். சொறியாமல் இருக்க முடியவில்லை என்றால் ஈரத்துணி சுற்றலாம், கொஞ்ச நேரம் அடங்கும். ஆள் முன்னால் சொறியத்தான் கூச்சமாக இருக்கும்.

அதைத் திட்டாதே. வேண்டுமென்றா சொறிகிறது?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

மூன்று வாரம் காக்கவைத்து இந்தப் பிரசங்கமா? நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இவ்வளவு புத்திமதி எழுத நேரம் கிடைக்காது.

ஐந்து வாரம் முடிந்தது. காது கொஞ்சம் தேவலை, வயிறு அப்படியேதான் இருக்கிறது. உன் அத்தான் மேல்தான் முதலில் பாய்ந்தேன். பாவம், சட்டைப்பை, பேன்ட்பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். அப்புறம் கீழ்வீட்டாரிடம் போய்ச் சண்டை போட்டேன், நீங்கள்தான் ஏதோ போடுகிறீர்கள் என்று. "அது வந்து சொறியறதே போதும்மா, நாங்க வேற போடணுமா?" என்றார். இப்போது அந்த வீட்டோடும் பேச்சில்லை.

உன் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "நாய்க்கு மணிக்கட்டுல கொப்புளமா? இதுக்கு வயிறு, அக்குள், காதுன்னு இருக்கு. எரியுதுன்னு யாரு சொன்னது, நாயா வந்து சொல்லுச்சு?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. தெரியாத விஷயத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறாய்? எந்த வேலையிலும் அரைகுறை, வைத்தியத்திலுமா?

இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. கோபமாக இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரலில் சின்னச் சுளுக்கு. நான் சொல்லச் சொல்லக் கூட இருக்கும் ஸ்டோர் கீப்பர் அண்ணன் எழுதுகிறார்.

என்னை அரைகுறை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அவரும் படிக்க நேர்ந்தது. சந்தோஷம்.

நாயைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடு. நான் கேட்கமாட்டேன். ஆனால் கொடுக்கும்போது போர்வையையும் சேர்த்துக் கொடு.

இனி மாதம் ஒரு கடிதம்தான் போட முடியும்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

இன்று நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பொய்தான் சொல்வாய்.

பத்தொன்பது வருடமாக டிக்கெட் பரிசோதிக்கிறேன். டிக்கெட் எடுக்காதவன் தூங்குவதுபோல நடிப்பான், ஜன்னலைப் பார்ப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவன் பக்கத்துச் சீட்டுக்காரனின் டிக்கெட்டைப் பற்றி அக்கறையாக விசாரிப்பான். "அண்ணே, பத்திரமா வச்சிக்குங்க, செக்கர் வர்றாங்க" என்பான். அந்த அக்கறையைப் பார்த்ததும் நான் நேராக அவனிடம்தான் போவேன்.

உன் கடிதங்கள் மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் கடிதத்தில் எழுத்து திருத்தமாக இருக்கிறது. இரண்டாவதில் பேனா காகிதத்தில் அழுந்தவே இல்லை. ஓரத்தில் ஒரு கறை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கட்டைவிரல் அளவுக்குக் காகிதம் எண்ணெயாகத் தெரிகிறது. மோந்து பார்த்தேன், களிம்பு. மூன்றாவது உன் எழுத்தே இல்லை.

வெந்நீர் படும்போது சுகமாக இருக்கும் என்று எந்த நாயடா உன்னிடம் சொன்னது? எந்த நாய் ஆள் முன்னால் சொறியக் கூச்சப்பட்டது? டாக்டர் சிரித்தபோது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, நானும் உன்னைத் திட்டினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதுவும் என்னிடம். உன் கைக்கு என்ன? எத்தனை நாளாக? அடுத்த லாரியில் உண்மை வரவேண்டும். வராவிட்டால் நான் வருவேன். லாரியில் சாமான் மூட்டைமேல் உட்கார்ந்தாவது வருவேன்.

நாயை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படி எழுத உனக்குக் கை எப்படி வந்தது என்று கேட்க நினைத்தேன். எழுதியது வேறு கை அல்லவா?

அக்கா


மே 3

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும் நலமென நம்புகிறேன். நான் இங்கே ஸ்டோர் கீப்பர். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவருக்குக் காகிதத்தைப் பிரிக்கக் கை வராததால், உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியது நான்தான். "பதில் வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனது கேட்கவில்லை.

ஜனவரி கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. சிமென்ட் கையுறைக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறது. இப்போது இரண்டு கையும் முழங்கைவரை வெடித்துக் கிடக்கிறது. தட்டில் கை வைக்க முடியாது, ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார். எங்கள் மருந்தறைக்காரர், "இது சிமென்ட் ஒவ்வாமை, ஒருதடவை வந்தால் விடாது. இதோட தினமும் கலவையில கை வச்சா, அப்புறம் எந்தக் கைவேலைக்கும் கை ஆகாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். என்ஜினீயரும் போகச் சொல்லிவிட்டார். தம்பிதான் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு கையுறை போட்டுக்கொண்டு இறங்குகிறார்.

"வீட்டுக்குப் போயேன்" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "வாசப்படி இல்லைண்ணே" என்கிறார். எங்களுக்கு அது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

தவறிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஸ்டோர் கீப்பர்


மே 12

தம்பிக்கு,

ஸ்டோர் கீப்பர் எழுதிவிட்டார். அவர்மேல் பாயாதே, பாய்ந்தால் நான் உன்மேல் பாய்வேன்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, வேலைக்குப் போய், நான்காவது பஸ்ஸிலிருந்து இறங்கி டிப்போ கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. உன்மேல், அந்தச் சிமென்ட்மேல், எல்லாவற்றுக்கும் மேல் என்மேல். ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு கை வெந்துபோகும்வரை நிற்பாயா? கல்லுளிமங்கா! சின்ன வயதில் நான் ஆயிரம் சொல்லியிருக்கிறேன், ஒன்றையாவது கேட்டாயா? கேட்கக்கூடாத இந்த ஒன்றைத்தானா கேட்பாய்?

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல்நாள் டாக்டர், படுக்கையைத் துவைக்கிறீர்களா என்று கேட்டாள் அல்லவா? வாராவாரம் துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய். எட்டு வாரம் மீன் வேகவைத்து, வீட்டாரோடும் கீழ்வீட்டாரோடும் சண்டை போட்டு, நோட்டில் செருப்பு வார்வரை எழுதி, பொய்யை மட்டும் எழுதவில்லை. போனவாரம் அது போர்வை இல்லாமல் வண்டியில் ஏறமாட்டேன் என்றது. சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அதை மேசைமேல் போட்டு உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அறை முழுக்கத் தூசி. மேஸ்திரி அந்த இடத்திலேயே உட்கார்ந்து சொறிய ஆரம்பித்தது.

"வாராவாரம் துவைக்கிறதா சொன்னீங்க. நீங்க டிக்கெட் செக்கர்தானேம்மா?"

ஊருக்குத்தான் உபதேசம். சாப்பாடு காரணமில்லை, பழைய துணியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் என்று நினைக்கிறாள். சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். போர்வையை வாராவாரம் கொதிநீரில் துவைக்க வேண்டும். இது தீர்கிற சீக்கு அல்ல, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியது என்றாள்.

இன்னும் துவைக்கவில்லை. இரண்டுமுறை மிஷினில் போட்டு இரண்டுமுறையும் வெளியே எடுத்துவிட்டேன். நாய்க்காக என்று அத்தானிடம் சொன்னேன்.

இங்கே தோல் டாக்டரிடம் உன் விஷயத்தைச் சொல்லி நாள் வாங்கி வைத்திருக்கிறேன். கிளம்பு.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன். கோணலாக இருக்கும்.

பொய் சொன்னாயா, நீயா? இரண்டுதரம் படித்தேன்.

கிளம்பு என்று எழுதியிருக்கிறாய். ஆனால் நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. அத்தான் முன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சொன்னாய். எதையும் முடிக்காதவன் என்று எல்லோரும் சொல்லலாம், நீயும் சொன்னாய். எனக்கும் கோபம் இருக்கிறது, அக்கா. இதையாவது முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இருந்தேன். இன்னும் நான்கு மாதம்தான்.

நீ அந்த வார்த்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? வாசப்படி என்ன ஆயிற்று?

போர்வையைத் துவைத்துவிடாதே.

தம்பி


ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். நீ நலமில்லை என்று தெரியும், அதனால் இந்தக் கடிதம் சீக்கிரம் முடியும்.

போர்வையைத் துவைத்துவிட்டேன். கொதிநீரில், இரண்டுமுறை. உன் கடிதம் வந்த அன்றைக்கே. முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் போயிற்று. காயவைத்து மடித்துப் போட்டதும் மேஸ்திரி ஓடிவந்து மோந்து பார்த்தது. மூலைக்கு மூலை மோந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தது. என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. இரண்டு நாள் அதில் படுக்கவில்லை. இப்போது படுக்கிறது. சொறிவது பாதியாகக் குறைந்துவிட்டது, கீழ்வீட்டுக்காரர்கூட நேற்று, "மிஷின் ரிப்பேராம்மா?" என்று பேச்சுக் கொடுத்தார்.

நானும் மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடிக்கிறது. உன் வாசனை துளிகூட இல்லை. இனி இந்த வீட்டில் அது வேண்டுமென்றால் நீயே வந்தால்தான் உண்டு, அதற்கும் சரி, எனக்கும் சரி.

வாசப்படியைக் கேட்டாய். நான் சொன்னது தப்பு. அத்தான் முன்னால் சொன்னேன், இதோ அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதுகிறேன், தப்பு. கையைக் கெடுத்துக்கொண்டு ஒரு வேலையை முடித்துக் காட்டுகிறவனை நான் எங்கே போய்ப் பெருமையாகச் சொல்ல? பாதியில் விட்டு வா. இது ஒன்றைப் பாதியில் விடாவிட்டால்தான் நீ என் வாசப்படியை மிதிக்கக் கூடாது.

போர்வை துவைத்ததிலிருந்து மேஸ்திரி பகலெல்லாம் வாசப்படியின் குறுக்கேதான் படுத்திருக்கிறது. நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை லாரியில் ஏறு.

அக்கா